ஒன்றுக்கு ஒன்றா, மேல்சார்பா, இருபுறச் சார்பா: இரு கணங்களை இணைக்கும்போது எதைத் தேர்வது?

ஒரு சிற்றூர் நூலகத்தில் மூவாயிரம் புத்தகங்கள் இருக்கின்றன என்று கொள்வோம். அவற்றுக்கு எண் இட வேண்டும். வந்த வரிசையில் 1, 2, 3 என்று இடுவதா, பொருள் பார்த்து வேளாண்மைக்கு ஓர் எண், வரலாற்றுக்கு ஓர் எண் என்று இடுவதா, இரண்டையும் சேர்ப்பதா என்ற கேள்வி உடனே எழும். உறுப்பினர் அட்டை வடிவமைப்பவர், தேர்வுத் தாளுக்கு மறைவு எண் போடுபவர், தரவுத்தளம் கட்டும் மாணவர் ஆகிய எல்லோரும் இதே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்கிறார்கள். ஒரு கணத்தின், அதாவது ஒரு தொகுப்பின், உறுப்புகளை இன்னொரு கணத்தின் உறுப்புகளோடு எந்த வகையில் இணைப்பது என்பதே அவர்கள் அனைவருக்கும் உள்ள சிக்கல்.

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூல் ‘உறவுகளும் சார்புகளும்’ என்ற இயலோடு தொடங்குகிறது. கொடுக்கப்பட்ட ஒரு சார்பு (ஒரு கணத்தை இன்னொன்றோடு இணைக்கும் விதி) எவ்வகையைச் சேர்ந்தது என்று இனங்காண்பதை மாணவர் அங்கே கற்றுக்கொள்கிறார். ஆனால் சார்பை நாமே அமைக்க வேண்டிய நிலை வந்தால் எந்த வகையைத் தேர்வது என்ற கேள்வி வகுப்பறையில் அரிதாகவே எழுகிறது. அதனால் பலரும் ‘இருபுறமும் எதுவும் மிஞ்சாமல் ஒன்றோடு ஒன்று இணையும் இருபுறச் சார்புதான் முழுமையானது, ஆகவே அதுவே சிறந்தது’ என்ற எண்ணத்தோடு வெளியே வருகிறார்கள். அந்த எண்ணம் தவறு என்பதே என் கருத்து. இருபுறச் சார்பு இன்றியமையாத இடங்கள் உண்டு. ஆனால் பெரும்பாலான அன்றாடத் தேவைகளுக்கு அது தேவைக்கு மீறிய விலை கேட்கிறது.

## முதலில், அது சார்புதானா?

வகையைத் தேர்வதற்கு முன் ஒரு நிபந்தனை நிறைவேற வேண்டும். மதிப்பகத்தின் (இணைக்கப்படும் முதல் கணத்தின்) ஒவ்வோர் உறுப்புக்கும் துணை மதிப்பகத்தில் (இரண்டாம் கணத்தில்) ஒரே ஒரு நிழல் உரு (இணையும் உறுப்பு) இருக்க வேண்டும். நிழல் உரு இல்லாத உறுப்பு ஒன்று இருந்தாலும், ஓர் உறுப்புக்கு இரண்டு நிழல் உருக்கள் இருந்தாலும் அது வெறும் உறவுதான், சார்பு அன்று.

இந்த நிபந்தனையையும் ‘ஒன்றுக்கு ஒன்று’ என்ற பண்பையும் ஒன்றாகக் கருதிக் குழம்பாதவர்கள் குறைவு. ஆதார் எண்ணை எடுத்துக்கொள்வோம். ஒரே ஆளுக்கு இரண்டு எண்கள் போய்விடக் கூடாது என்பது சார்பாக இருப்பதற்கான நிபந்தனை. இரண்டு ஆட்களுக்கு ஒரே எண் போய்விடக் கூடாது என்பது ஒன்றுக்கு ஒன்றாக இருப்பதற்கான நிபந்தனை. இரண்டாவதை நிறைவேற்றக் கொடுத்த எண்ணை மறுபடியும் கொடுக்காமல் இருந்தால் போதும். முதலாவதுதான் கடினம், ஒரே மனிதர் இரண்டாம் முறை வந்து நிற்கிறாரா என்று அறியக் கைரேகையையும் கருவிழியையும் ஏற்கெனவே பதிவானவற்றோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. எந்த நிபந்தனைக்கு எவ்வளவு செலவாகும் என்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் செலவு முழுவதையும் தவறான இடத்தில் செய்துவிடுவோம்.

## எடைபோடும் அளவுகோல்கள்

ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன். நிழல் உருவைப் பார்த்து அதன் முன் உருவுக்கு, அதாவது அது எந்த உறுப்பிலிருந்து வந்ததோ அதற்கு, திரும்பி வர வேண்டுமா? துணை மதிப்பகத்தில் காலி இடம் இருக்கலாமா? இரு கணங்களின் அளவுகள் எப்படி? நாளை புதிய உறுப்பு ஒன்று வந்தால் என்ன ஆகும்? நாம் விரும்பிய பண்பு உண்மையிலேயே அமைந்திருக்கிறதா என்று சரிபார்க்க எவ்வளவு உழைப்பு வேண்டும்?

இவற்றுள் முதல் கேள்விதான் தலையானது. திரும்பி வர வேண்டிய தேவை இல்லாத இடத்தில் ஒன்றுக்கு ஒன்றான சார்பை வற்புறுத்துவதும், தேவை உள்ள இடத்தில் அதை விட்டுவிடுவதும் நான் மாணவர்களிடம் அதிகமாகக் காணும் இரண்டு பிழைகள்.

| அளவுகோல் | ஒன்றுக்கு ஒன்று. மேல்சார்பு அன்று | மேல்சார்பு. ஒன்றுக்கு ஒன்று அன்று | இருபுறச் சார்பு | இரண்டும் அன்று |
|---|---|---|---|---|
| திரும்பி வருதல் | வீச்சகத்திலிருந்து (நிழல் உருக்களின் கணத்திலிருந்து) மட்டும் முடியும் | முடியாது. ஒரு பிரதிநிதியைத் தேரலாம் | எங்கிருந்தும் முடியும் | முடியாது |
| காலி இடம் | உண்டு | இல்லை | இல்லை | உண்டு |
| அளவு (முடிவுறு கணங்களில்) | துணை மதிப்பகம் பெரியது | மதிப்பகம் பெரியது | இரண்டும் சமம் | பெரும்பாலும் தடை இல்லை |
| புதிய உறுப்பு வந்தால் | காலி இடத்தில் அமரும் | இருக்கும் குழுவில் சேரும் | இருபுறமும் கூட்ட வேண்டும் | எங்கும் அமரும் |
| சரிபார்ப்பு | எந்த இரண்டும் மோதவில்லையா? | ஒவ்வோர் இலக்குக்கும் முன் உரு உண்டா? | இரண்டு சோதனைகளும் | சார்பா என்பது மட்டும் |

## ஒன்றுக்கு ஒன்றான சார்பு

வெவ்வேறு உறுப்புகளுக்கு வெவ்வேறு நிழல் உருக்கள் என்பதே இதன் இலக்கணம். அடையாள எண்கள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. முடிவுறு கணங்களில் துணை மதிப்பகம் மதிப்பகத்தைவிடச் சிறியதாக இருந்தால் இந்தச் சார்பு அமையவே அமையாது. பத்துக் கூண்டுகளில் பதினொரு புறாக்களை அடைத்தால் ஏதோ ஒரு கூண்டில் குறைந்தது இரண்டு புறாக்கள் இருக்கும் என்ற புறாக்கூண்டுக் கொள்கை இதைத்தான் சொல்கிறது.

காலி இடங்கள் வீண் என்று தோன்றலாம். உண்மையில் அவைதாம் இந்த வகையின் பெரிய செல்வம். ஆதார் எண் 12 இலக்கங்கள் கொண்டது. முதல் இலக்கம் 0 அல்லது 1 ஆக வராது. கடைசி இலக்கம் முந்தைய பதினொன்றிலிருந்து வெர்ஹூஃப் என்னும் பிழையறி முறையில் கணக்கிடப்படுகிறது. ஆகவே செல்லத்தக்க எண்கள் அதிகபட்சம் 8,000 கோடி. நாட்டின் மக்கள்தொகையோ ஏறத்தாழ 140 கோடி. பன்னிரண்டு இலக்க எண்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை எவருக்கும் ஒருபோதும் உரியவை ஆகா. அந்த வெறுமையினால்தான் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதினாலும், அது செல்லாத எண் என்று கணினி உடனே கண்டுகொள்கிறது. துணை மதிப்பகம் முழுவதும் நிரம்பியிருந்தால் ஒவ்வொரு பிழையும் இன்னொருவருடைய சரியான எண்ணாக மாறியிருக்கும். பிழை நடந்ததே தெரியாமல் போயிருக்கும்.

மறைந்திருக்கும் செலவு வேறோர் இடத்தில் இருக்கிறது. ‘எண்களை மனம்போன போக்கில் எடுத்துக் கொடுத்துவிடலாம், மோதல் வருவது அரிது’ என்று நம்புவோர் உண்டு. 23 பேர் கூடிய அறையில் இருவருக்கேனும் ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு 50 விழுக்காட்டைத் தாண்டுகிறது. பத்தாயிரம் நான்கிலக்க எண்களிலிருந்து தற்செயலாக எடுத்துக் கொடுத்தால், ஏறத்தாழ 120 பேருக்குக் கொடுத்து முடிக்கும்போதே இருவருக்கு ஒரே எண் போயிருப்பதற்கான வாய்ப்பு பாதியை எட்டிவிடும். இடம் ஏராளமாக இருப்பதாலேயே சார்பு ஒன்றுக்கு ஒன்றாகிவிடாது. கொடுத்த எண்களின் பட்டியலை வைத்திருந்து ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் தீர வேண்டும்.

பின்னாளில் யார், எது என்று தனித்துக் கேட்க வேண்டியிருந்தால், உறுப்புகள் பெருகிக்கொண்டே போகும் என்று தெரிந்தால், பிழையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் இந்த வகையைத் தேர்க.

## மேல்சார்பு

துணை மதிப்பகத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு முன் உருவேனும் இருந்தால் அது மேல்சார்பு. நாம் இங்கே பார்ப்பது, மேல்சார்பாகவும் பலவற்றிற்கு ஒன்றாகவும் (பல உறுப்புகளுக்கு ஒரே நிழல் உரு) இருப்பதை. மதிப்பெண்களைத் தரநிலைகளாக மாற்றுவது, ஊர்களை மாவட்டங்களில் சேர்ப்பது, புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிப்பது எல்லாம் இதன் வேலை. தகவலை இழப்பது இதன் குறை என்பார்கள். இழப்பதற்காகவே இதைத் தேர்கிறோம் என்பதுதான் சரியான பார்வை. அறுபது மாணவர்களின் மதிப்பெண்களை ஐந்து தரநிலைகளாகச் சுருக்கும்போது, 81-க்கும் 83-க்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிட வேண்டும் என்று நாம் அறிந்தே முடிவு செய்கிறோம்.

இதற்கு நம் இசை மரபில் அழகான சான்று உண்டு. கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா (தாய்) இராகங்களின் பெயர்களில் முதல் இரண்டு எழுத்துகள் அந்த இராகத்தின் வரிசை எண்ணைத் தருகின்றன. கடபயாதி என்னும் முறைப்படி வடமொழி மெய்யெழுத்துகளுக்கு 0 முதல் 9 வரையான இலக்கங்கள் தரப்பட்டுள்ளன. இரண்டு இலக்கங்களைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். மாயாமாளவகௌளையில் ‘மா’ 5, ‘யா’ 1. ஆகவே 15-ஆவது மேளம். ஹரிகாம்போஜியில் ‘ஹ’ 8, ‘ரி’ 2, ஆகவே 28. முப்பதுக்கும் மேற்பட்ட மெய்கள் பத்து இலக்கங்களின் மேல் விழுவதால் இது ஒன்றுக்கு ஒன்று அன்று. எல்லா இலக்கங்களும் பயன்படுவதால் மேல்சார்பு. ஒரே இலக்கத்துக்குக் க, ட, ப, ய என்று பல எழுத்துகள் இருப்பதால்தான் பெயர் வைப்பவருக்குப் பொருளுள்ள, இனிமையான சொல்லைத் தேர்ந்தெடுக்க இடம் கிடைத்தது. ஓர் இலக்கத்துக்கு ஓர் எழுத்து என்று அமைத்திருந்தால் பெரும்பாலான எண்களுக்கு நாவில் நிற்கும் பெயர் கிடைத்திருக்காது.

இதே சான்று மேல்சார்பின் ஆபத்தையும் காட்டுகிறது. தீரசங்கராபரணம் 29-ஆவது மேளம். வடமொழியில் அதன் முதல் எழுத்து வர்க்கத்தின் நான்காம் ஒலி, மதிப்பு 9, ‘ர’ 2. ஆனால் தமிழ் எழுத்தில் தகர வர்க்கத்தின் நான்கு ஒலிகளுக்கும் ‘த’ ஒன்றே. எழுத்துப்பெயர்ப்பு என்ற இன்னொரு பலவற்றிற்கு ஒன்றான சார்பு இடையில் புகுந்துவிட்டதால், தமிழில் எழுதிய பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கிடுபவருக்கு 26, 27, 28, 29 என்று நான்கு விடைகள் கிடைக்கும். ஒரு சார்பின்மேல் இன்னொரு சார்பைச் சேர்க்கும்போது, முதலில் இழந்ததை அடுத்தது மீட்டுத் தராது. வரிசையாகப் பல மாற்றங்களைச் செய்யும் எவரும் இதை நினைவில் வைக்க வேண்டும்: இரு சார்புகளின் சேர்ப்பு இருபுறச் சார்பாக வேண்டுமானால், முதலில் செயல்படுவது ஒன்றுக்கு ஒன்றாக இருந்தே ஆக வேண்டும், பின்னால் செயல்படுவது மேல்சார்பாக இருந்தே ஆக வேண்டும்.

திரும்பி வர முடியாது என்றாலும், ஒவ்வோர் இலக்குக்கும் அதன் முன் உருக்களில் ஒன்றைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்து ஒரு பாதித் திரும்புவழியை அமைக்கலாம். முடிவுறு கணங்களில் இது எளிது. முடிவிலாக் கணங்கள் அனைத்துக்கும் இது முடியும் என்று சொல்வது, 1904-இல் கணிதவியலர் செர்மெலோ வெளிப்படையாக முன்வைத்த தேர்வு அடிகோள் என்ற, நிரூபணமின்றி ஏற்கும் அடிப்படைக் கூற்றுக்குச் சமமானது.

தொகுக்க வேண்டும், சுருக்க வேண்டும், எந்தக் குழுவும் வெறுமையாக இருக்கக் கூடாது என்ற தேவை இருந்தால் மேல்சார்பே ஏற்றது.

## இருபுறச் சார்பு

ஒன்றுக்கு ஒன்றாகவும் மேல்சார்பாகவும் ஒருசேர இருப்பது இது. நேர்மாறு சார்பு உண்டு என்று சொல்வதும் இதுவும் ஒன்றே. தமிழ் எழுத்து முறையே இதற்குச் சான்று: 18 மெய்களில் ஒன்றையும் 12 உயிர்களில் ஒன்றையும் சேர்த்து அமையும் 216 இணைகளுக்கும் 216 உயிர்மெய் எழுத்துகளுக்கும் இடையே இருபுறச் சார்பு இருக்கிறது. எந்த இணைக்கும் எழுத்து இல்லாமல் இல்லை. எந்த உயிர்மெய்யையும் ஒரே ஒரு வழியில்தான் பிரிக்க முடியும்.

ஆனால் அந்த ஒழுங்கைக் கணினிக்குள் காப்பது எளிதாக இல்லை. கணினி எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘கொ’ என்ற எழுத்தின் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறியீட்டுத் தொடர்களிலிருந்து எழுத்துகளுக்குச் செல்லும் சார்பு பலவற்றிற்கு ஒன்றாகிவிடுவதால், ஒரு வடிவத்தில் சேமித்த சொல்லை மற்ற வடிவத்தில் தட்டச்சிட்டுத் தேடுபவருக்கு அது கிடைக்காமல் போகலாம். இயல்பாக்கம் என்ற முறையால் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்ட பிறகே இருபுறப் பண்பு திரும்புகிறது. தமிழ்த் தரவுகளோடு வேலை செய்பவர்கள் இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது.

இருபுறச் சார்பு எவ்வளவு அரியது என்பதை எண்ணிப் பார்க்கலாம். பத்து உறுப்புகள் கொண்ட கணத்திலிருந்து பத்து உறுப்புகள் கொண்ட கணத்துக்கு 1,000 கோடி சார்புகள் உண்டு. அவற்றுள் இருபுறச் சார்புகள் 36,28,800 மட்டுமே. அதாவது ஏறத்தாழ 0.036 விழுக்காடு. அரியதாக இருப்பதோடு உடையக்கூடியதாகவும் இருக்கிறது. அறுபது மாணவர்களும் அறுபது இருக்கைகளும் இருக்கும் அறைக்கு ஒரே ஒரு மாணவர் புதிதாக வந்தாலும் அமைப்பு குலைந்துவிடும். ஒருவர் விலகினாலும் குலையும்.

இதில் ஒரு சலுகையும் உண்டு. முடிவுறு கணங்கள் இரண்டும் ஒரே அளவானவை என்று தெரிந்தால், ஒன்றுக்கு ஒன்றா, மேல்சார்பா என்ற இரண்டில் ஒன்றைச் சோதித்தாலே போதும். மற்றது தானே வந்துவிடும். அறுபது இருக்கைகளும் நிரம்பியிருந்தால், ஒரே இருக்கையில் இருவர் இல்லை என்று தனியாகப் பார்க்க வேண்டியதில்லை. முடிவிலாக் கணங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒவ்வோர் இயல் எண்ணையும் அதன் அடுத்த எண்ணுக்கு அனுப்பினால் அது ஒன்றுக்கு ஒன்றுதான். ஆனால் 1-க்கு முன் உரு இல்லை. கணிதவியலர் டெடிகிண்ட் 1888-இல் இந்த வியப்பையே முடிவிலியின் வரையறையாக ஆக்கினார்: தன் தகு உட்கணம் (ஓர் உறுப்பேனும் விடுபட்ட பகுதி) ஒன்றோடு இருபுறச் சார்பு உடைய கணமே முடிவிலாக் கணம். அப்படிப்பட்ட கணங்களுக்கு இடையே இருபுறச் சார்பை நேரடியாகக் கட்டுவது கடினமாக இருந்தால், இரு திசைகளிலும் ஒவ்வோர் ஒன்றுக்கு ஒன்றான சார்பைக் காட்டினால் போதும் என்று காண்டர், ஷ்ரோடர், பெர்ன்ஸ்டைன் பெயர்களால் அறியப்படும் தேற்றம் உறுதி தருகிறது.

எல்லாத் திசையிலும் முழுமையாகத் திரும்பி வர வேண்டிய இடங்களுக்கே இருபுறச் சார்பை ஒதுக்கி வையுங்கள். மறைகுறியாக்கம் அப்படிப்பட்டது. 2001-இல் தரமாக ஏற்கப்பட்ட ஏஇஎஸ் (AES) மறைகுறி முறையில், சாவி ஒன்றை நிலையாக வைத்தால், 128 பிட் (0 அல்லது 1) நீளமுள்ள தரவுக் கட்டங்கள் அனைத்தும் தமக்குள்ளேயே இருபுறச் சார்பாக இடம் மாறுகின்றன. இரண்டு கட்டங்கள் ஒன்றாகிவிட்டால் மறைத்ததைத் திரும்பப் படிக்கவே முடியாது.

## இரண்டும் அல்லாதது

இதைத் தேர்வதற்கென்று காரணங்கள் குறைவு. பெரும்பாலும் கட்டுப்பாடு தேவையில்லாத இடங்களில் தானே அமைகிறது. ஓர் அலுவலகத்தில் பணிபுரிபவர்களை அவர்களின் பிறந்தநாளுக்கு இணைத்தால் சில நாள்கள் இருவருக்கு உரியவையாகவும் பல நாள்கள் யாருக்கும் உரியவை அல்லாமலும் இருக்கும். அதில் தவறொன்றும் இல்லை.

## விதி ஒன்று, வகை நான்கு

வகையைத் தேர்வது விதியை மட்டும் தேர்வதன்று. ‘எண்ணை வர்க்கப்படுத்து’ என்ற விதியை எடுத்துக்கொள்ளுங்கள். மெய்யெண்களிலிருந்து மெய்யெண்களுக்கு என்றால், 3-க்கும் -3-க்கும் ஒரே விடை 9, -4-க்கு முன் உரு இல்லை. ஆகவே இரண்டும் அன்று. துணை மதிப்பகத்தைச் சுழியும் மிகை எண்களும் மட்டுமாகச் சுருக்கினால் மேல்சார்பு. மதிப்பகத்தை மட்டும் அப்படிச் சுருக்கினால் ஒன்றுக்கு ஒன்று. இரண்டையும் சுருக்கினால் இருபுறச் சார்பு. அதனால்தான் வர்க்கமூலம் என்ற நேர்மாறு நமக்குக் கிடைக்கிறது.

அஞ்சல் குறியீட்டு எண்ணும் அப்படித்தான். 1972 ஆகஸ்ட் 15-இல் நடைமுறைக்கு வந்த இந்த ஆறிலக்க எண்களில் ஏறத்தாழ 19,000 மட்டுமே பயன்பாட்டில் உள்ளன. அஞ்சலகங்களோ ஒன்றரை லட்சத்துக்கும் மேல். துணை மதிப்பகம் ‘எல்லா ஆறிலக்க எண்கள்’ என்றால் அது உட்சார்பு (காலி இடம் உள்ள சார்பு). ‘பயன்பாட்டில் உள்ள எண்கள்’ என்றால் மேல்சார்பு. துணை மதிப்பகத்தைச் சொல்லாமல் ‘இது மேல்சார்பா?’ என்று கேட்பது விடையில்லாத கேள்வி.

கணங்களின் தேர்வு எவ்வளவு நுட்பமாக வகையை மாற்றும் என்பதற்கு வெப்பநிலை அளவுகள் சான்று. செல்சியசிலிருந்து ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றுவது மெய்யெண்களில் இருபுறச் சார்பு. முழு எண்களாக மட்டும் எழுத வேண்டும் என்று முழுமையாக்கினால், 10 டிகிரி 50 ஆகிறது, 11 டிகிரி 52 ஆகிறது. 51 விடுபட்டுப் போகிறது. ஒன்றுக்கு ஒன்று மிஞ்சுகிறது, மேல்சார்பு போய்விடுகிறது. எதிர்த்திசையில் 51, 52 இரண்டும் 11 ஆகின்றன. அங்கே மேல்சார்பு மிஞ்சுகிறது, ஒன்றுக்கு ஒன்று போய்விடுகிறது. ஆகவே முழு எண்களையே பதியும் ஒருவர் செல்சியசில் அளந்து ஃபாரன்ஹீட்டில் சேமித்தால் அளந்ததைத் திரும்பப் பெறலாம். ஃபாரன்ஹீட்டில் அளந்து செல்சியசில் சேமித்தால் 51 என்று அளந்தது 52 என்று திரும்பி வரும்.

## நூலகத்துக்கு எது?

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த சீ. இரா. அரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக ஆனார். 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். அவர் முறையில் ஒரு நூலின் அழைப்பு எண் ஒன்றுக்கு மேற்பட்ட பகுதிகளால் ஆனது. பகுப்பு எண் நூலின் பொருளைச் சொல்லும். ஒரே பொருளில் உள்ள பல நூல்களுக்கு அது ஒன்றே. நூல் எண் அந்தக் குழுவுக்குள் ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்கும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே பலவற்றிற்கு ஒன்றான சார்புகள். இணையாகச் சேர்த்தால் ஒன்றுக்கு ஒன்று.

சிற்றூர் நூலகத்துக்கும் இந்த வழியையே பரிந்துரைப்பேன். புத்தகம் வந்தவுடன் பதிவேட்டில் தொடர் எண் இடுங்கள். அது ஒன்றுக்கு ஒன்றாக இருக்கட்டும். தொலைந்துபோன புத்தகத்தின் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். பதிவேட்டில் இடைவெளி விழுந்தாலும் பரவாயில்லை. அலமாரியில் அடுக்குவதற்குப் பகுப்பு எண்ணைப் பயன்படுத்துங்கள். அலமாரியில் ஏற்கெனவே உள்ள பிரிவுகளையே துணை மதிப்பகமாக வைத்துக்கொண்டால் அது மேல்சார்பாக அமையும். திருக்குறளின் மூன்றாவது படி நாளை நன்கொடையாக வந்தால், முதலிரண்டு படிகளின் பகுப்பு எண்ணையே அதற்கும் எழுதி, பதிவேட்டின் அடுத்த வரியில் 3001 என்று இட்டுக்கொள்ளலாம்.